ஆன்லைனில் சட்டமும் குற்றவியலும் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி வாசலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. பதில்கள் இந்தியாவுக்கு, குறிப்பாகத் தமிழ்நாட்டுக்கு உரியவை. கடைசிப் பகுதியில் இலங்கையும் இங்கிலாந்தும் கொஞ்சம் வரும்.

ஆன்லைன்ல எல்எல்பி படிச்சு வக்கீலா ஆக முடியுமா?

முடியாது. வழக்கறிஞர் பதிவுக்கான தகுதிகளை 1961 ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24 ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பதிவுக்குச் செல்லும் பட்டம் எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதை வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் சொல்கின்றன. பட்டம் முடித்தவர்களுக்கு மூன்று வருடப் படிப்பு, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்து வருடப் படிப்பு. இரண்டுமே நேரில் சென்று படிக்க வேண்டியவை.

"நேரில்" என்பதற்கும் விதியில் அளவு இருக்கிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது 5 மணி நேர வகுப்பு, அதுபோக அரை மணி நேர இடைவேளை, வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் குறையாத கால அட்டவணை. பருவத்தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் 65 சதவீதம் வரை தளர்த்தலாம். பல்கலைக்கழக மானியக் குழுவும் (யுஜிசி), தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் சட்டத்தை வைத்திருக்கிறது. ஆக, இரண்டு பக்கமும் கதவு மூடியிருக்கிறது.

அப்போ "சனி ஞாயிறு மட்டும் வந்தா போதும்", "பரீட்சைக்கு மட்டும் வாங்க"ன்னு சொல்றாங்களே, அது?

இதுதான் ஆபத்தான இடம். கல்லூரிக்கு அனுமதி இருக்கலாம், பல்கலைக்கழகம் உண்மையானதாக இருக்கலாம், சான்றிதழும் அசலாகவே வரலாம். ஆனால் நீங்கள் வகுப்புக்குப் போகவில்லை என்பது உண்மை. நீங்கள் வராத நாளுக்கு வருகைப்பதிவேட்டில் யாரோ "வந்தார்" என்று எழுதியிருப்பார்கள். பத்திரிகைகள் "லெட்டர் பேடு சட்டக் கல்லூரிகள்" என்று எழுதுவது இவற்றைத்தான். இடைத்தரகர் வெளிமாநிலக் கல்லூரியில் இடம் பிடித்துத் தருவார், மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரு தொகை பேசுவார்.

பதிவு செய்யும்போதும் அதற்குப் பிறகும் சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கிறது. சென்னையில் முழுநேர வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய அதே மாதங்களில் இன்னொரு மாநிலத்தில் 70 சதவீத வருகை என்றால், வங்கிக் கணக்கும் வருங்கால வைப்பு நிதிப் பதிவும் உங்களுக்கு எதிராகப் பேசும். தரகருக்கு எதுவும் ஆகாது, வழக்கறிஞர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படுவது உங்களுடையது. தயவுசெய்து இந்த வழியில் போகாதீர்கள்.

நான் டிகிரியே கரஸ்ல தான் முடிச்சேன். எனக்கு லா காலேஜ்ல சீட் கிடைக்குமா?

கிடைக்கும். இதில் வீணாகப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். தடை இருப்பது சட்டப் பட்டத்தைத் தொலைநிலையில் படிப்பதற்குத்தான். அதற்கு முந்தைய பட்டத்தையோ பிளஸ் டூவையோ தொலைநிலையில் முடித்திருந்தால் ஏற்கலாம் என்று 2008 விதிகளின் 5 ஆவது விதியே சொல்கிறது.

சிக்கல் வேறொரு இடத்தில் வரும். பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு அந்த அடிப்படைத் தகுதி இல்லை என்று அதே விதியின் விளக்கம் விலக்குகிறது. மதிப்பெண்ணில் பார் கவுன்சில் வைத்திருக்கும் கீழ் எல்லை பொதுப் பிரிவுக்கு 45, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் சேர்க்கை, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாக, தகுதிப் படிப்பின் மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது. கிளாட் நுழைவுத்தேர்வு திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்குத்தான்.

எங்க மாமா தபால்ல பி.ஜி.எல். முடிச்சிருக்கார். அதுவும் சட்டப் பட்டம்தானே?

பெயரில் சட்டம் இருக்கிறது, பதிவுக்கு உதவாது. பி.ஜி.எல். என்பது பொதுச் சட்டக் கல்விப் பட்டம். சில பல்கலைக்கழகங்கள் அதைத் தொலைநிலையில் நடத்தின. அலுவலகத்தில் சட்டப் பிரிவுக் கோப்புகளைப் பார்ப்பவர்களுக்கு அது பயன்பட்டது. அதை வைத்து எல்எல்பியில் ஒரு வருடத்தைக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

எல்எல்பி ரெகுலர்ல முடிச்சிட்டேன். எல்எல்எம் மட்டும் ஆன்லைன்ல பண்ணலாமா?

"ஏற்கெனவே வக்கீல்தானே, இதற்கு என்ன தடை" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் முதுநிலைக்கும் பார் கவுன்சிலின் விதிகள் இருக்கின்றன. இணையவழி, தொலைநிலை, கலப்பு முறை, "எக்ஸிகியூட்டிவ்" என்று பெயர் மாற்றி, முன் அனுமதி இல்லாமல் நடத்தப்படும் எல்எல்எம் படிப்புகளை ஏற்க மாட்டோம் என்று 2025 ஜூனில் கவுன்சில் எச்சரிக்கை அறிவிப்பும் வெளியிட்டது. சட்ட ஆசிரியர் பணி, நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு), பிஎச்டி என்று எதற்காவது அந்தப் பட்டம் வேண்டுமானால் நேர்முகப் படிப்பில் சேருங்கள். ஒரு துறையில் அறிவு மட்டும் போதுமென்றால் அடுத்த பதிலில் உள்ள முதுநிலைப் பட்டயங்கள் செலவும் குறைவு, சிக்கலும் இல்லை.

சரி, அப்போ வீட்ல இருந்தே உருப்படியா என்னதான் படிக்கலாம்?

நிறைய இருக்கிறது. இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டதாரிகளுக்குக் குற்றவியல் நீதி முதுநிலைப் பட்டயமும் அறிவுசார் சொத்துரிமை முதுநிலைப் பட்டயமும் உண்டு, ஆறு மாத சைபர் சட்ட முதுநிலைச் சான்றிதழும் உண்டு. பிளஸ் டூ முடித்தவர்களுக்குச் சட்டத் துணைப் பணிப் பட்டயம் இருக்கிறது. மனித உரிமை, நுகர்வோர் பாதுகாப்பு, ஆள் கடத்தல் தடுப்பு ஆகியவற்றில் சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியும் ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகமும் தொலைநிலையில் பட்டயங்கள் நடத்துகின்றன. மருத்துவச் சட்டம், குழந்தை உரிமை, சுற்றுச்சூழல் சட்டம், சைபர் சட்டம் போன்றவற்றை அங்கே படிக்கலாம்.

குற்றவியல் தனிப் பாடத்துறை. குற்றம் ஏன் நடக்கிறது, காவல், நீதிமன்றம், சிறை மூன்றும் எப்படி இயங்குகின்றன, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் படிக்கும் சமூக அறிவியல் அது. பார் கவுன்சிலின் கட்டுப்பாட்டுக்குள் வராது. அதனால் அதில் பி.ஏ., எம்.ஏ. பட்டங்களைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தத் தடையில்லை. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு இந்த ஆண்டு அனுமதி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். யுஜிசி நெட் தேர்விலும் குற்றவியல் தனிப் பாடம். முதுநிலையில் 55 சதவீதம் எடுத்தவர்கள் எழுதலாம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50.

அனுமதி இருக்கான்னு எப்படிப் பார்க்கறது? எல்லாருமே "யுஜிசி அப்ரூவ்ட்"னுதான் சொல்றாங்க.

"யுஜிசி அங்கீகாரம்" என்ற இரண்டு சொல்லை நம்பாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் அங்கீகாரம் வேறு, அது இந்தக் குறிப்பிட்ட படிப்பை இந்தக் குறிப்பிட்ட முறையில் நடத்த வாங்கிய அனுமதி வேறு. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் கல்வியாண்டு வாரியாகப் பட்டியல் இருக்கும். நான்கைப் பொருத்திப் பாருங்கள்: பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பின் பெயர், தொலைநிலையா இணையவழியா, நீங்கள் சேரும் பருவம். பட்டியலில் "எம்.ஏ. சமூகவியல்" இருந்து, விளம்பரத்தில் "எம்.ஏ. குற்றவியல்" என்று இருந்தால் அனுமதி இல்லை என்றே அர்த்தம்.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது. 2024 முதல், தொலைநிலை அல்லது இணையவழிப் பட்டப் படிப்பில் சேரும் இந்திய மாணவர், அதே தொலைநிலைக் கல்விப் பிரிவின் டெப் ஐடி என்ற அடையாள எண்ணை எடுக்க வேண்டும். முதலில் டிஜிலாக்கர் வழியாக அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் (படிப்பின் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும்) கணக்கு, பிறகு அதை வைத்து டெப் ஐடி. ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் ஒத்துப்போகாமல் இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். தலைப்பெழுத்து முன்னே, பின்னே, விரிவாக என்று மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருக்கும். சேர்க்கை முடியும் வாரத்தில் இதைச் சரிசெய்ய நேரம் கிடைக்காது, ஒரு மாதம் முன்பே ஆதாரைத் திருத்திக்கொள்ளுங்கள். "டெப் ஐடி எல்லாம் வேண்டாம், பணத்தைக் கட்டுங்க" என்று பட்டப் படிப்புக்கு யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இக்னோல சேர்ந்தா பரீட்சை எப்படி? நிறையப் பேர் முடிக்காமலே விட்டுடறாங்களே?

சேர்க்கை வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரி, ஜூலை பருவங்களில். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். பொதுவாக அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதமும் தேர்வுக்கு 70 சதவீதமும் எடை. தொலைநிலைப் படிப்பின் தேர்வு, மையத்துக்குப் போய்த் தாளில் எழுதுவது.

விட்டுவிடுகிறவர்களுக்குப் பாடம் கடினமாக இருப்பதில்லை. மூன்று இடத்தில் தவறுகிறது. ஒன்று, சேர்க்கைக் கட்டணம் கட்டியதும் தேர்வுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டதாக நினைப்பது. தேர்வு விண்ணப்பம் தனி, அதற்குக் கட்டணமும் தனி. இரண்டு, பழைய பருவத்தின் அசைன்மென்ட் கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்புவது. முகப்பில் இருக்கும் பருவத்தைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். மூன்று, அசைன்மென்ட் கொடுத்ததற்கு ரசீதோ ஒப்புகையோ வைத்துக்கொள்ளாதது. மதிப்பெண் ஏறவில்லை என்றால் மண்டல மையத்தில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். எழுதியதை ஸ்கேன் செய்து வைத்திருங்கள்.

என் ஸ்டடி மெட்டீரியல்ல இன்னும் ஐபிசி, சிஆர்பிசி தான் இருக்கு. அதையே படிக்கலாமா?

கருத்துகளுக்காகப் படியுங்கள், பிரிவு எண்களை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் நடைமுறையில் உள்ளன. 511 பிரிவுகள் இருந்த தண்டனைச் சட்டம் 358 ஆகச் சுருங்கியது. நடைமுறைச் சட்டம் 484 இலிருந்து 531 ஆக விரிந்தது.

எண் மாறியது மட்டும் என்றால் சமாளிக்கலாம். அதே எண்ணில் வேறு சட்டம் உட்கார்ந்திருப்பதுதான் தேர்வில் ஆளைக் கவிழ்க்கிறது. பழைய 302 கொலை. கொலைக்குத் தண்டனை இப்போது 103, புதிய சட்டத்தின் 302 மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது. பழைய நடைமுறைச் சட்டத்தின் 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அதாவது எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்கும் மனு. அது இப்போது 528. புதிய 482 முன்ஜாமீன், அது பழைய சட்டத்தில் 438. ஊரே அறிந்த 420 இப்போது 318 இன் 4 ஆவது உட்பிரிவு. முதல் தகவல் அறிக்கை 154 இலிருந்து 173க்கும், மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் 164 இலிருந்து 183க்கும் போயிருக்கின்றன. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒரு நாளைக்குப் பத்துப் பிரிவு என்று நீங்களே எழுதிப் பழகுங்கள். அச்சடித்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனதில் நிற்பதில்லை.

பழைய சட்டத்தைத் தூக்கி எறியவும் கூடாது. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். அன்றைக்கு நிலுவையில் இருந்த விசாரணைகளும் பழைய நடைமுறைப்படியே தொடரும். அதனால் விடைத்தாளில் எந்தச் சம்பவத்தை எழுதினாலும் முதல் வரியில் குற்றம் நடந்த தேதியைக் குறிப்பிடுங்கள், எந்தச் சட்டம் என்பது அதிலிருந்துதான் முடிவாகும்.

எம்.ஏ. கிரிமினாலஜி முடிச்சா போலீஸ்ல நேரா எஸ்.ஐ. ஆகலாமா? பிராசிக்யூட்டர் ஆகலாமா?

நேரடி வழி எதுவும் இல்லை. எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். எழுத்துத் தேர்வும் உடல் தகுதியும்தான் தீர்மானிக்கும். மானியக் குழுவின் 2020 விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேர்முகப் பட்டங்களுக்குச் சமம். அதனால் பட்டத்தின் வகை தடையாக இருக்காது. குற்றவியல் நேரடியாக உதவும் இடங்கள் நன்னடத்தை அலுவலர், குழந்தைகள் நலம், சிறைச் சீர்திருத்தம், தொண்டு நிறுவனங்களின் ஆய்வுப் பணி போன்றவை. ஒவ்வொரு அறிவிக்கையிலும் கல்வித் தகுதிப் பத்தியில் "குற்றவியல்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பிராசிக்யூட்டர் வேலை முழுக்க வக்கீல்களுக்கானது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 18 ஆவது பிரிவுப்படி அரசு வழக்கறிஞராக நியமிக்கப்பட 7 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். முதல் கேள்வியின் பதிலுக்கே திரும்பி வருகிறோம்: அதற்கு நேர்முக எல்எல்பி இல்லாமல் வழியில்லை. சிவில் நீதிபதி பதவிக்கும் 3 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று மீண்டும் கொண்டுவந்தது.

வேலையை விடாம எல்எல்பி ரெகுலர்ல படிக்கறது எப்படி? ஈவினிங் காலேஜ் இல்லையா?

விதிப்படி, முழு உறைவிடக் கல்லூரி அல்லாத இடங்களில் காலை 8 முதல் இரவு 7 மணிக்குள் வகுப்புகள் நடத்தலாம். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் என்ற கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், பத்து மணி முதல் ஐந்து மணி வரை அலுவலகம் போகிறவருக்கு இடம் இல்லை. இரவுப் பணி, பகுதிநேரப் பணி, சொந்தத் தொழில் இவற்றில் இருப்பவர்களுக்குச் சாத்தியம். 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கையில், மாணவர்கள் தங்கள் வேலை நிலையைத் தெரிவித்து, முதலாளியிடமிருந்து தடையின்மைச் சான்று தர வேண்டும் என்று கேட்டிருக்கிறது. அரசு ஊழியர்கள் துறை அனுமதியையும் விடுப்பையும் எழுத்தில் வாங்கிய பிறகே சேர வேண்டும்.

இன்னொன்று. படிப்பை முடித்த பிறகும் முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்கறிஞர் தொழில் செய்ய முடியாது. வேலையைத் தொடரப்போகிறவர் எல்எல்பி எதற்கு என்று தெளிவாக யோசியுங்கள். அலுவலகத்தில் ஒப்பந்தங்களைப் புரிந்துகொள்ளவும், மனிதவளப் பிரிவில் தொழிலாளர் சட்டத்தைக் கையாளவும் ஒரு வருடப் பட்டயமே போதுமானதாக இருக்கும்.

லா காலேஜ்ல படிச்சுக்கிட்டே இக்னோ டிப்ளமோ ஒண்ணு சேர்த்துப் பண்ணலாமா? ரெண்டு படிப்பு கூடாதுன்னு சொல்றாங்க.

பண்ணலாம். சட்டக் கல்வி விதிகளின் 6 ஆவது விதி இன்னொரு வழக்கமான படிப்பில் ஒரே நேரத்தில் சேர்வதைத் தடுக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத் தொலைநிலை மையம் நடத்தும் படிப்புக்கும், மொழி, கணினி சார்ந்த குறுகிய காலச் சான்றிதழ் படிப்புக்கும் அதிலேயே விலக்கு இருக்கிறது. கல்லூரியில் உறுதிமொழி கேட்டால் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். தேர்வுத் தேதிகள் டிசம்பரில் மோதுவது சகஜம், அதற்கு இக்னோவின் தாள்களை ஜூனுக்குத் தள்ளிக்கொள்ளலாம்.

வீட்ல உக்காந்து படிச்சா கோர்ட்டு எப்படி நடக்குதுன்னு தெரியுமா?

தெரியாது. அதனால் போய்ப் பாருங்கள். குற்ற வழக்கு விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்பது சட்டம். பாலியல் வன்கொடுமை போன்ற வழக்குகளைத் தவிர மற்றவற்றில், இடம் இருக்கும்வரை யாரும் அமரலாம். செல்போனை அணைத்துவிட்டு, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் பின் பெஞ்சில் காலை பத்தரையிலிருந்து ஒரு மணி வரை உட்காருங்கள். டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ஒரு வழக்குக்கு இரண்டு நிமிடம் என்ற கணக்கில் வாய்தாக்கள் போவது, சாட்சி கூண்டில் ஏறியதும் எல்லாம் மெதுவாவது. "நிலுவை வழக்குகள்" என்ற பாடம் அந்த இரண்டரை மணி நேரத்தில் விளங்கும்.

பிறகு ஒரே வழக்கை நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் தளத்தில் தொடருங்கள். வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால் அடுத்த தேதியும் அன்றைய உத்தரவும் கிடைக்கும். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில், விலக்கப்பட்ட வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகளைப் பார்க்கலாம். ஒன்றை எடுத்து, சம்பவம் நடந்த நேரம், நிலையத்துக்குத் தகவல் வந்த நேரம், மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பிய நேரம் மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் பாதி அந்த இடைவெளிகளைப் பற்றித்தான்.

தமிழ்ல படிக்க ஏதாவது இருக்கா? இங்கிலீஷ் சுமார்தான்.

மேலே சொன்ன பட்டயங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் பல தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தீர்ப்பின் தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் சட்ட ஆங்கிலத்துக்கு நல்ல பயிற்சி. சட்டங்களின் முழு வாசகம் அரசின் இந்தியா கோட் தளத்தில் இருக்கிறது. எல்எல்பி முடித்தவர்கள் எழுதும் அகில இந்திய பார் தேர்வையும் தமிழில் எழுதலாம்: 100 கேள்வி, குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தைப் பார்த்து எழுத அனுமதி.

பட்டமே வேண்டாம், மக்களுக்கு உதவ வேண்டும் என்பவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர விசாரிக்கலாம். பயிற்சியை அவர்களே தருகிறார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி எல்எல்பி ஆன்லைன்ல இருக்கே. இலங்கையிலயும் தபால்ல சட்டம் படிக்கறாங்களே?

இரண்டும் உண்மை, அந்தந்த நாட்டுக்கு. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பட்டம் தொலைக்கல்வி முறையில் நடப்பது. அதை முடித்தவர்கள் இலங்கைச் சட்டக் கல்லூரி வழியாகச் சட்டத்தரணியாகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 முதல் சொலிசிட்டர் ஆவதற்கு ஒரு பட்டம், எஸ்கியூஇ என்ற இரண்டு கட்டத் தேர்வு, இரண்டு வருடப் பணி அனுபவம் என்ற வழி இருக்கிறது. பட்டம் இணையவழியில் படித்ததாக இருக்கலாம்.

அதே பட்டத்தோடு இந்தியாவில் பதிவு கேட்டால் கதை மாறும். பார் கவுன்சில் அங்கீகரித்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும், நேரில் படித்திருக்க வேண்டும், அதன் பிறகு தகுதித் தேர்வும் எழுத வேண்டும். எந்த நாட்டில் வாதாடப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டுப் பட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நான் ஏற்கனவே ஒரு ஏஜென்ட்கிட்ட "ஆன்லைன் எல்எல்பி"க்குப் பணம் கட்டிட்டேன். திரும்ப வருமா?

முதலில் மேற்கொண்டு எதுவும் கட்டாதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் அவற்றை எழுத்துமூலம் கேளுங்கள். விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் சேமியுங்கள். அந்த போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63 ஆவது பிரிவுப்படி சான்று தர வேண்டியிருக்கும்.

இல்லாத படிப்பை இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் அது ஏமாற்றுதல், முன்பு சொன்ன 318(4). இணையவழியில் பணம் போய் ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். நிலையத்தில் புகாரை வாங்காவிட்டால் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(4) இன்படி காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதிலும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. மின்னஞ்சலிலோ இணையத்திலோ தகவல் கொடுத்திருந்தால் மூன்று நாளுக்குள் நிலையத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும், இதைப் பலர் தவறவிடுகிறார்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஆனால் எதிர்த் தரப்பை யோசித்துப் போடுங்கள். பல்கலைக்கழகம் தருவது "சேவை" அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010 இல் சொல்லியிருப்பதால், பல்கலைக்கழகத்தின் மீது போடும் புகார் தள்ளுபடியாகலாம். கமிஷன் வாங்கிய ஏஜென்சியின் மீது போடுவது வலுவானது. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. காலக்கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு.